வில்லையின் இரு ஓரங்கள்

காங்கேசன்துறைக்குப் போகும் புகையிரதம் சுன்னாகம் நிலையத்துக்குள் வேகம் தணிந்து நுழைகிறது. மணிக்கு 36 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியான வேகம்: செக்கனுக்குச் சரியாக 10 மீற்றர். மேடை விளிம்பிலிருந்து விலகி நின்று, 250 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 5.6இல் வைத்து, எஞ்சின் முகம் 20 மீற்றர் தூரத்தில் இருக்கும்போது பொத்தானை அழுத்துகிறீர்கள். கமரா அந்த 20 மீற்றருக்குக் குவியத்தைப் பிடித்து முடித்துவிட்டது. ஆனால் அழுத்திய கணத்திலேயே படம் விழுவதில்லை. உள்ளே கண்ணாடி மேலெழ வேண்டும், துவாரம் சுருங்க வேண்டும், பிறகுதான் திரை திறக்கும். தொடக்கநிலை டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஒன்றில் இதற்கு ஏறக்குறைய ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு போகும். அதற்குள் எஞ்சின் 1 மீற்றர் முன்னே வந்துவிடுகிறது. இந்த லென்ஸ் இந்தத் தூரத்தில் தெளிவாகக் காட்டக்கூடிய ஆழமோ, குவியத் தளத்துக்கு முன்பக்கம் வெறும் 66 சென்ரிமீற்றர்.

கமரா பிழை விடவில்லை, நீங்களும் விடவில்லை, படம் மங்கல்.

1990இல் நின்றுபோன இந்தப் பாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் மீண்டது. ரயிலையே கண்டிராமல் வளர்ந்த ஒரு தலைமுறை கமராவும் கைபேசியுமாக அதைப் பார்க்க வந்தது. அன்று எடுத்த படங்களில் பல மங்கலாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். மேலே சொன்ன கணக்கில் மிஞ்சும் 34 சென்ரிமீற்றர் சாமானியமாக விட்டுக்கொடுக்காது.

இதைச் சரிக்கட்ட வேண்டுமானால், எஞ்சின் இப்போது எங்கே நிற்கிறது என்பதை விட்டு, பத்தில் ஒரு செக்கன் கழித்து எங்கே நிற்கும் என்பதைக் கமரா கணிக்க வேண்டும். அளவுகோலோ ராடாரோ இல்லாத ஒரு பெட்டிக்கு அது எப்படி முடிகிறது? உண்மையில் அது தூரத்தை அளப்பதே இல்லை. தன் வில்லை சரியான இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் அளக்கிறது. அந்த வித்தையை உங்கள் வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்கலாம்.

தடித்த கறுப்பு மட்டை ஒன்றில் 20 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, 5 மில்லிமீற்றர் அகலத்தில் இரண்டு துளைகள் போடுங்கள். ஒன்றின்மேல் சிவப்புக் கண்ணாடித்தாள், மற்றதன்மேல் நீலம். 55-250 லென்ஸை 250இல் வைத்து அதன் முகப்பில் மட்டையை ஒட்டுங்கள். இரவில், தூரத்துத் தெருவிளக்கு ஒன்றை நோக்கிக் கமராவை நிறுத்தி, பின்திரையில் பார்த்தபடி குவிய வளையத்தைக் கையால் திருப்புங்கள். குவியம் தவறியிருக்கும்போது ஒரே விளக்கு இரண்டாகத் தெரியும், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். வளையத்தைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கி, சரியான இடத்தில் ஒன்றாகும். மேலும் திருப்பினால் மறுபடி பிரியும், இம்முறை சிவப்பும் நீலமும் பக்கம் மாறி நிற்கும்.

இதில் இரண்டு செய்திகள் ஒருசேரக் கிடைக்கின்றன. இரு புள்ளிகளும் எவ்வளவு விலகியுள்ளன என்பது, வில்லை எவ்வளவு நகர வேண்டும் என்று சொல்கிறது. எது எந்தப் பக்கம் என்பது, முன்னாலா பின்னாலா என்று சொல்கிறது. வெறும் மங்கலைப் பார்த்தால் முதலாவது அரைகுறையாகத்தான் தெரியும், இரண்டாவது தெரியவே தெரியாது. கிறிஸ்ரோப் ஷைனர் என்ற ஜேசு சபைத் துறவி, மனிதக் கண்ணைப் பற்றி 1619இல் வெளியிட்ட நூலில் இந்த இரட்டைத் துளைச் சோதனையை எழுதிவைத்தார். வானியல் ஆர்வலர்கள் இன்றும் தொலைநோக்கிக்கு முன்னால் இப்படியொரு மட்டையை மாட்டித்தான் விண்மீன்களைக் குவியப்படுத்துகிறார்கள்.

எஸ்எல்ஆர் கமராவின் தானியங்கிக் குவியமும் இதே மட்டைதான், கமராவுக்குள் மறைத்து வைத்த மட்டை. பிரதான கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கை ஊடே விடும். அதன் முதுகில் உள்ள சிறிய இரண்டாவது கண்ணாடி அந்த ஒளியைக் கமராவின் அடித்தளத்துக்குத் திருப்பும். அங்கே சோடி சோடியாக நுண்வில்லைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று உங்கள் லென்ஸின் ஓர் ஓரத்தால் வந்த ஒளியை மட்டும் வாங்கும், மற்றது எதிர் ஓரத்தால் வந்ததை. இரண்டும் தத்தம் உணரிக் கீற்றில் ஒவ்வொரு பிம்பத்தைப் போடுகின்றன. இரு பிம்பங்களுக்கும் இடையிலான விலகலைச் சிப் ஒன்று கணக்கிட்டு, மோட்டருக்கு ஒரே கட்டளையாகக் கொடுக்கும்: இந்தப் பக்கம், இவ்வளவு தூரம். அதனால்தான் நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் தடவித் தேடாமல் ஒரே தாவில் போய் நிற்கிறது.

ரயில் கணக்குக்கு இனி விடை எளிது. தொடர் குவியத்தில் வைத்தால் கமரா இந்த அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. விலகல் எந்த வேகத்தில் மாறுகிறது என்று பார்த்து, கண்ணாடி எழும் நேரத்தையும் சேர்த்து, எஞ்சின் வந்து சேரப்போகும் இடத்துக்கு வில்லையை முன்கூட்டியே நகர்த்திவிடுகிறது. கெனான் இதை ஏஐ செர்வோ என்கிறது, நிகான் ஏஎஃப்-சி என்கிறது. ஓடும் பொருளுக்கு இது இல்லாமல் முடியாது. அசையாத பொருளுக்கு இது வேண்டவே வேண்டாம், ஏனெனில் சும்மா நிற்கும் தூணிலும் அது சிறு சிறு அசைவுகளைக் கற்பனை செய்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் கமராவே தெரிவு செய்யும் முறை ஒன்றும் உண்டு. அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மாப்பிள்ளை தாலியை எடுக்கும் கணத்தில்தான் அதற்குச் சந்தேகம் வரும்.

இந்தத் தொழில்நுட்பம் வெளியே வந்த கதையில் வழக்கும் உண்டு. லைக்கா நிறுவனம் 1976இல் தானியங்கிக் குவியத்தின் மாதிரி ஒன்றைக் காட்டியது, சந்தைக்குக் கொண்டுவரவில்லை. ஹனிவெல் நிறுவனத்தின் குவிய உபகரணத்தைப் பொருத்திய கொனிக்கா சி35 ஏஎஃப் 1977இல் கடைக்கு வந்தது. 1985இல் மினோல்டா 7000 வந்த பிறகுதான் எஸ்எல்ஆர் உலகம் தலைகீழானது: குவிய உணரியும் மோட்டரும் கமரா உடலுக்குள்ளேயே இருந்தன. தங்கள் காப்புரிமையை எடுத்துக்கொண்டார்கள் என்று ஹனிவெல் வழக்குப் போட, 1992இல் மினோல்டா 12.75 கோடி டொலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. இதற்கிடையே 1987இல் கெனான் வேறு வழியில் போனது. ஈஓஎஸ் வரிசைக்கு மோட்டரை உடலில் வைக்காமல் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் வைத்தது. மோட்டர் எங்கே இருக்கிறது என்ற இந்தப் பழைய பிரிவினை சுன்னாகத்தில் இன்று பழைய லென்ஸ் வாங்குபவரின் பணத்தையும் தின்னக்கூடியது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

"அண்ணை, கிட் லென்ஸுக்கு அடுத்ததா என்னத்தை வாங்கிறது?" இந்தக் கேள்வியோடு வராத மாணவர் இல்லை. கேட்பவரின் மனதில் பெரும்பாலும் நீண்ட லென்ஸ் ஒன்று இருக்கும், தூரத்துப் பொருளை இழுத்துக் காட்டும் ஒன்று. லென்ஸையும் தானியங்கிக் குவியத்தையும் இரண்டு தனிப்பாடங்களாகப் படிப்பதால் வரும் ஆசை இது. உண்மையில் இரண்டும் ஒன்றே. கமரா பார்ப்பது லென்ஸின் இரு ஓரங்களை. ஓரங்கள் எவ்வளவு அகலத்தில் இருக்கின்றன என்பதை லென்ஸ் வாங்கும் நாளிலேயே நாம் தீர்மானித்துவிடுகிறோம்.

எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்த எண். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸின் வாய் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர் அகலம். 18-55 கிட் லென்ஸ் 55இல் நிற்கும்போது எஃப் 5.6, வாய் 10 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஒளிக்கணக்கில் எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு கூடுதல். மண்டபத்தில் கிட் லென்ஸ் செக்கனில் 15இல் ஒரு பங்கு கேட்கும் இடத்தில், இது 145இல் ஒரு பங்கோடு வேலையை முடிக்கும். முதலாவதில் மணமகளின் கை நிழலாகும், இரண்டாவதில் மோதிரம் தெரியும். நீங்கள் எஃப் 8 என்று வைத்திருந்தாலும் கமரா குவியம் பார்ப்பது துவாரத்தை முழுக்கத் திறந்துதான். படம் விழும் கணத்தில் மட்டுமே அது சுருங்கும்.

ஆனால் இங்கே பரவலான ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. எஃப் 1.8 லென்ஸ் மாட்டினால் எல்லாக் குவியப் புள்ளிகளுக்கும் பத்து மடங்கு ஒளி போகும் என்று நினைக்கிறார்கள். போகாது. பெரும்பாலான புள்ளிகள் எஃப் 5.6 அகலத்துக்கு வடிவமைத்தவை. வாய் எவ்வளவு பெரிதாகத் திறந்தாலும் அவை அந்த அகலத்தில் உள்ள இரு ஓரங்களைத்தான் பார்க்கும். சில உடல்களில் நடுப்புள்ளி மட்டும் எஃப் 2.8 அகலத்தையும் பார்க்க வல்லது. கெனான் 700டி, 70டி அத்தகையவை. ஓரங்களுக்கு இடையே தூரம் கூடினால் அதே குவியப் பிழைக்கு இரு பிம்பங்களும் கூடுதலாக விலகும், ஆகவே அளவீடு நுட்பமாகும். மட்டையில் துளைகளைத் தள்ளிப் போட்டுப் பாருங்கள், அதுவே தெரியும்.

எதிர்ப்பக்கக் கணக்கு இன்னும் முக்கியமானது. எஃப் 5.6 லென்ஸுக்குப் பின்னால் 1.4 மடங்கு பெருக்கி ஒன்றை மாட்டினால் அது எஃப் 8 ஆகிவிடும். உணரி பார்க்க விரும்பும் ஓரங்கள் அப்போது இருட்டு விளிம்புக்குள் போய்விடும். தொடக்கநிலை உடல்களில் தானியங்கிக் குவியம் அத்தோடு நின்றுபோகும். அந்த உடல்களின் குவிய அமைப்பே எளியது: நிகான் டி3500இல் உள்ள 11 புள்ளிகளில் ஒன்றுதான் குறுக்கு வகை, அதாவது நெடுக்கும் படுக்கையுமான இரு திசை விளிம்புகளையும் அளக்கும் வகை. கெனான் 2000டியில் 9இல் ஒன்று. இவற்றை வைத்திருப்பவர் பெருக்கிக்குக் கொடுக்கும் பணத்தை வேறெதற்காவது கொடுக்கலாம்.

ஆகவே என் பதில் மாறாதது: இரண்டாவது லென்ஸ் 50 எஃப் 1.8, அல்லது நிகானாக இருந்தால் 35 எஃப் 1.8. இந்தத் தொடக்கநிலை உடல்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவுப் பட உணரியில் 50 மில்லிமீற்றர் ஏறக்குறைய 25 பாகை அகலத்தைப் பார்க்கும். 10 மீற்றர் தூரத்தில் நான்கரை மீற்றர் அகலச் சட்டம் அது. 18இல் அதே இடத்தில் பன்னிரண்டு மீற்றர், 250இல் 90 சென்ரிமீற்றர். விறாந்தையில் இருக்கும் அம்மம்மாவைப் படமெடுக்க 50 போதும். நாற்சார வீட்டின் முற்றம் முழுவதும் வேண்டுமானால் கிட் லென்ஸ் இருக்கவே இருக்கிறது.

அந்த விறாந்தையில் கொஞ்சம் நிற்போம். அம்மம்மா ஒன்றரை மீற்றர் தூரத்தில் இருக்கிறார், லென்ஸ் எஃப் 1.8. தெளிவாக விழும் ஆழம் மொத்தம் 6 சென்ரிமீற்றர். காதுத் தோட்டில் குவியம் விழுந்தால் கண் மங்கிவிடும். வில்லையின் பக்கம் நின்று பார்த்தால் இந்த 6 சென்ரிமீற்றர், ஒரு மில்லிமீற்றரில் பதினாலில் ஒரு பங்கு நகர்வு. மோட்டரும் உணரியும் அந்த நுட்பத்துக்குள் வேலை செய்ய வேண்டும். எஃப் 4 வரை மூடினால் ஆழம் 13 சென்ரிமீற்றரைத் தாண்டும், இரு கண்களும் மூக்கும் சுகமாக உள்ளே வரும். பின்னணி முழுக்கக் கரைந்தால்தான் நல்ல படம் என்று இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அம்மம்மாவின் பின்னால் இருக்கும் மாடக்குழியும் சாய்மனைக் கதிரையும் கரைந்துபோனால், அது எந்த ஊர்க் கிழவியின் படமாகவும் இருக்கலாம்.

நடுப்புள்ளியால் கண்ணில் குவியம் பிடித்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடி கமராவைத் திருப்பிச் சட்டத்தை அமைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தூரத்துப் பொருளுக்கு அது பரவாயில்லை. இங்கே அது எடுபடாது. குவியத் தளம் ஒரு தட்டையான சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமராவைத் திருப்பினால் சுவரும் திரும்பும். முகம் சட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகுமளவு, ஏறக்குறைய 12.5 பாகை, திருப்பினால் ஒன்றரை மீற்றரில் சுவர் 3.6 சென்ரிமீற்றர் பின்னால் போய்விடுகிறது. உங்களிடம் இருந்ததோ முன்னே மூன்று, பின்னே மூன்று. கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் புள்ளியைத் தெரிந்து, திருப்பும் கோணத்தைச் சுருக்குவதே வழி. புள்ளித் தெரிவைக் கமராவிடம் விட்டாலோ, அது பெரும்பாலும் மிக அண்மையில் உள்ள, கோடு தெளிவான ஒன்றைப் பிடிக்கும். சுன்னாகம் சந்தையில் வாழைக்குலைக்குப் பின்னால் நிற்கும் வியாபாரியை அப்படி எடுத்தால், குலையைக் கட்டிய கயிற்றின் படம் நன்றாக வரும்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் குடாநாட்டின் உச்சிக்கு நேர்மேலே நிற்கும். புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். கண்ணில் கோடே இல்லாமல் உணரி தடுமாறும். புத்தாண்டுப் படங்களை விறாந்தைக்குள் எடுக்க இதைவிடக் காரணம் தேவையில்லை.

இனி உணரியின் பலவீனங்கள். அது பார்ப்பது முகத்தையோ பொருளையோ அல்ல, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்பை. ஒற்றைக் கீற்று உணரி ஒரு திசை விளிம்பை மட்டுமே அளக்கும். பனைமரத்தின் நெடுங்கோட்டைப் பிடிக்கும் புள்ளி, கீரிமலைக் கடலின் அடிவானக் கோட்டில் திணறலாம். கமராவை ஒருமுறை செங்குத்தாகத் திருப்பிக் குவியம் பிடித்துவிட்டு மீண்டும் படுக்கையாக வைத்தால் காரியம் நடக்கும். குறுக்கு வகைப் புள்ளி இரு திசைகளையும் அளப்பதால் சந்தேகமான இடத்தில் அதையே நம்புங்கள்.

அதைவிடச் சுவையான தோல்வி ஒன்று உண்டு. கிடுகு வேலியையோ நெளிதகர வேலியையோ நேரே எடுத்துப் பாருங்கள். தகரத்தில் ஒரே மாதிரியான நெளிவுகள், ஒரே இடைவெளியில். இடது ஓரத்தின் பிம்பத்தையும் வலது ஓரத்தின் பிம்பத்தையும் பொருத்தப் பார்க்கும் சிப், மூன்றாவது நெளிவை நாலாவதோடு பொருத்திவிட்டு முடிந்தது என்று நினைக்கலாம். இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அதற்கு ஒரு குறையும் தெரியாது. பச்சை விளக்கு எரியும், படம் மங்கல். பல கமராக் கையேடுகள் மீளும் கோலங்களைக் கடினமான பொருள்களில் சேர்த்திருப்பது இதனால்தான். வேலியில் ஒரு பூவரசங் கிளையோ ஆணியில் தொங்கும் ஒரு துணியோ இருந்தால் அங்கே பிடியுங்கள்.

கோயில் திருவிழாவின் இரவு வேறு ரகம். இணுவில், மருதனார்மடம் பக்கம் மேளச்சமா நடக்கும் வீதிகளில் குழல்விளக்குகள் வரிசையாகக் கட்டியிருப்பார்கள். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே பழைய வகைக் குழல்விளக்கு செக்கனுக்கு 100 முறை கூடிக் குறையும். 500இல் ஒரு பங்கு வேகத்தில் அடுக்கடுக்காக எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கிய மஞ்சளாகவும் வரும். 100இல் ஒரு பங்கு வைத்தால் ஒவ்வொரு படமும் ஒரு முழு ஏற்ற இறக்கத்தை வாங்கிச் சமமாகிவிடும். தவில்காரரின் கை அந்த வேகத்தில் கொஞ்சம் கலங்கும், கலங்கட்டும். குவியத்தைக் கையில் வைக்காதீர்கள். கை எந்தக் கணமும் ஒரே தளத்தில் இராது, முகம் இருக்கும்.

அந்த விளக்கிலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. கண்ணாடி வில்லை நீலத்தையும் சிவப்பையும் சரியாக ஒரே தளத்தில் குவிப்பதில்லை. குவிய உணரி சிவப்புக்கும் அதற்கு அப்பாலான அகச்சிவப்புக்கும் கூடக் கூர்மையானது, படம் விழும் உணரியோ கண் காணும் நிறங்களுக்கு. குழல்விளக்கில் சிவப்புப் பங்கு குறைவு. பகல் ஒளிக்குச் சரியாக அளந்த கமரா இங்கே சற்று விலகும். புதிய உடல்கள் ஒளியின் நிறத்தை அளந்து இதைத் திருத்துகின்றன, பழையவை திருத்துவதில்லை.

இந்தச் சிக்கல் ஒளிப்படக் கலையோடு கூடப் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொலோடியன் தகடு நீல, ஊதா ஒளிக்கு மட்டுமே இளகும். குவியம் பார்க்கும் மனிதக் கண்ணோ மஞ்சள் பச்சையில் கூர்மை. நிறத் திருத்தம் போதாத வில்லையில் கண்ணுக்குத் தெளிவாக இருந்தது தகட்டில் மங்கலாக விழும். அந்தக் காலத்தில் மங்கலையே தன் கையெழுத்தாக்கிக்கொண்டவர் இலங்கையில்தான் இறந்தார். கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்போம். அந்த சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி ஜூலியா மார்கரட் கமரன், 48 வயதில் முதல் கமராவைப் பரிசாகப் பெற்று, டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் போன்றோரின் முகங்களைப் படமெடுத்தவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், 1879இல் மலைநாட்டில் காலமானார். பெரிய தகடு, அகலத் திறந்த வில்லை, நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கச் சொன்ன மனிதர்கள். விறாந்தைக் கணக்கை அவருக்குப் போட்டால் தெளிவின் ஆழம் இன்னும் ஒடுங்கும். குவியத்தைத் திருப்பிக்கொண்டே போய், முழுக் கூர்மைக்கு முன்னரே அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். விமர்சகர்கள் அதைக் கைத்திறன் இன்மை என்றார்கள். படங்கள் நிலைத்துவிட்டன.

எல்லாமே தெளிவாக விழ வேண்டிய இடங்களும் உண்டு, கந்தரோடை அதில் ஒன்று. சுன்னாகத்துக்கு அண்மையில் பனைகளுக்கு நடுவே சாம்பல் நிறச் சிறு தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. போல் ஈ. பீரிஸ் 1917இல் எழுதத் தொடங்கிய பிறகு ஆய்வுலகம் கவனித்த இடம் அது. காலடியில் உள்ள கல்லிலிருந்து கடைசிப் பனை வரை தெளிவாக வேண்டுமானால் 18 மில்லிமீற்றரில், எஃப் 8 வைத்து, 2.1 மீற்றரில் உள்ள ஒன்றில் குவியம் பிடியுங்கள். ஏறக்குறைய ஒரு மீற்றரிலிருந்து முடிவிலி வரை எல்லாம் தெளிவாகும். இன்னும் தெளிவு வேண்டுமென்று எஃப் 22க்குப் போக வேண்டாம். சிறு துளையால் நுழையும் ஒளி விரியும். எஃப் 8இல் ஒரு புள்ளி 11 மைக்ரோமீற்றர் வட்டமாக விழுந்தால், எஃப் 22இல் 30. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி உணரியின் ஒரு பிக்சல் 4 மைக்ரோமீற்றருக்கும் குறைவு. ஆழம் கூடும், கூர்மை எங்கும் குறையும்.

நீண்ட லென்ஸ்காரரையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. மாரி காலத்தில் யாழ் கடனீரேரிக்குப் பூநாரைகள் வரும்போது 55-250 உதவும், ஆனால் அளவோடு. 100 மீற்றர் தூரத்தில் 250இன் சட்டம் 6 மீற்றர் உயரத்தைப் பார்க்கும், ஏறக்குறைய 1.3 மீற்றர் பறவை அதில் ஐந்தில் ஒரு பங்குதான். காலையில் போங்கள். பத்து மணிக்குப் பிறகு சூடேறிய காற்று நீர்மேல் நெளியும், உணரி பறவைக்குப் பதில் அந்த நெளிவைத் துரத்தும். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறையில் ஏறும் பட்டங்களுக்கு வெறும் வானமே பின்னணி. அங்கே பல புள்ளிகளைச் சேர்த்த வலயத்தைத் தாராளமாகத் திறந்துவிடலாம், பிடிக்க வேறொன்றும் இல்லை. பின்னணியில் மரமும் சனமும் இருந்தால் ஒற்றைப் புள்ளிக்குத் திரும்புங்கள். குவியம் பிடிக்கும் வேலையைப் படமெடுக்கும் பொத்தானிலிருந்து எடுத்து, பின்பக்கப் பெருவிரல் பொத்தானுக்கு மாற்றிவிடுவதும் நல்லது. விரலை அழுத்திக்கொண்டிருந்தால் தொடர் குவியம், விட்டால் நிலைத்த குவியம். முறையை மாற்றிக்கொண்டிருக்கும் வேலை மிச்சம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரே பக்கமாகக் குவியம் தவறினால் சந்தேகிக்க வேண்டியது இரண்டாவது கண்ணாடியை. லென்ஸிலிருந்து அடித்தள உணரிக்கு ஒளி போகும் பாதையும், பட உணரிக்குப் போகும் பாதையும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் உணரி சரி என்று சொல்லும் இடம் படத்தில் பிழை. "உதயன்" பத்திரிகையை மேசையில் சாய்வாக வைத்து, ஒரு தலைப்பு வரியில் குவியம் பிடித்து எடுங்கள். அதற்கு முன் வரியோ பின் வரியோ கூர்மையாக வந்தால், நடுத்தர உடல்களில் அதைத் திருத்தும் அமைப்பு உண்டு. மலிவான உடல்களில் இல்லை. அங்கே பின்திரை வழியே குவியம் பிடிப்பதுதான் தப்பும் வழி, பட உணரியே நேரில் பார்ப்பதால் பாதைப் பிழைக்கு இடமில்லை. முன்பெல்லாம் பின்திரைக் குவியம் மங்கலின் அளவை மட்டும் பார்த்து முன்னும் பின்னும் தடவியது. 2013இல் கெனான் 70டி ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிளந்தது: இடப்பாதி லென்ஸின் ஓர் ஓரத்தை, வலப்பாதி மறு ஓரத்தை. ஷைனரின் மட்டை பட உணரிக்குள்ளேயே வந்துவிட்டது. அதன் பிறகு கண்ணாடிப் பெட்டிக்கு வேலை குறைந்தது. 2020இல் வந்த நிகான் டி6, கெனான் 850டி ஆகியவற்றோடு இரு நிறுவனங்களும் கண்ணாடியில்லாக் கமராவுக்கு மாறிவிட்டன.

அதனால் எஸ்எல்ஆர் லென்ஸுகள் பழைய சந்தையில் மலிந்து கிடக்கின்றன, லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் சித்தப்பாவின் பையிலும் ஒன்று இருக்கும். அது உங்கள் உடலுக்குப் பொருந்துமா என்பதே முதற்கேள்வி. நிகான் டி3000, டி5000 வரிசை உடல்களில் மோட்டர் இல்லை. ஏஎஃப்-டி என்று எழுதிய பழைய லென்ஸுகள் அவற்றில் கையால்தான் திரும்பும், ஏஎஃப்-எஸ் என்றால் தானாகத் திரும்பும். ஏஎஃப்-பி என்ற புதியவை டி90 போன்ற பழைய உடல்களில் வேலை செய்யா. கெனானில் 1987க்குப் பின்வந்த ஈஎஃப் லென்ஸ் எல்லா ஈஓஎஸ் எஸ்எல்ஆரிலும் பொருந்தும். ஈஎஃப்-எஸ் ஏபிஎஸ்-சி உடல்களுக்கு மட்டும். அடுத்தது பூஞ்சை. எங்கள் மாரி ஈரமும் கடற்காற்றும் அலமாரிக்குள் வைத்த வில்லையில் சிலந்திவலை மாதிரி இழை ஓட விடும். அது ஒளியைச் சிதறடித்து, உணரிக்கு வேண்டிய விளிம்புகளை மழுங்கடிக்கும். துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கத்தால் கைபேசி விளக்கை அடித்து, முன்பக்கத்தால் சாய்வாகப் பாருங்கள். பிறகு உங்கள் சொந்த உடலில் மாட்டி, நடுப்புள்ளியால் கிட்டவும் தூரவும் மாறி மாறிக் குவியம் பிடித்து, எடுத்த படங்களைப் பெருப்பித்துப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுங்கள். வாங்கியதைத் தோற்பைக்குள் வைக்க வேண்டாம். மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியும், மாதத்துக்கொருமுறை சூடாக்கி உலர்த்தும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும்.